மணி கோக்கும் கலை: பழைய மரபும் புதிய கோலமும்

மணி என்னும் சொல் தமிழில் வழங்கும் இடங்கள் பல. பள்ளியில் அடிப்பதும் மணி. கடிகாரம் காட்டுவதும் மணி. சுங்கை புரோங் வயல்களில் முற்றித் தலைசாய்ந்து நிற்கும் கதிரில் இருப்பதும் மணி. பிள்ளையைக் கொஞ்சும் தாய் 'கண்மணி' என்கின்றாள். ஆண்டு விழா மேடையில் நின்று 'மாணவமணிகளே' என்று நாமும் விளிக்கின்றோம். இத்தனை மணிகளுள் அளவில் சிறியதும், நம்மவரால் மிகவும் குறைவாக மதிக்கப்படுவதும் ஒன்று உண்டு. அதுவே பாசிமணி. இவ்வாண்டு மலரில் அதனைப் பற்றி எழுத முற்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைக்காது முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், முதலாம் ஆண்டில் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி இடக்கையில் கறுப்பும் காவிச் சிவப்புமான பாசிமணிச் சரம் ஒன்றை அணிந்து வந்தாள். பள்ளிக்கு அணிகலன் அணிந்து வருதல் ஆகாது என்பது விதி. விதியை நிலைநாட்டுவதில் அன்று நமக்கு இருந்த விரைவு, விசாரிப்பதில் இல்லை. கையைப் பிடித்துக் கழற்ற முனைந்தோம். நூல் பழையது, அறுந்தது. மணிகள் சிமிட்டித் தரையில் தெறித்து ஓடின. சிறுமி அழவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணத் தொடங்கினாள். 'நாப்பத்தொண்ணு இருக்கணும் சார்' என்றாள். முப்பத்தெட்டுதான் கிடைத்தன.

மறுநாள் காலையில் அவளுடைய பாட்டியார் வந்தார். சினந்து பேசவில்லை. முந்தானை முனையில் முடிந்து வைத்திருந்த மணிகளை நம் மேசைமீது அவிழ்த்து வைத்தார். 'பெரிய வாத்தியாரையா, எங்காத்தா ரஜூலா கப்பல்ல வர்றப்ப கையில கெடந்த பாசி இது. எனக்குக் கட்டுனா, எம் மவளுக்குக் கட்டுனா, இப்ப இவளுக்குக் கட்டியிருக்கு. பவுனு நகையெல்லாம் அடகுக்குப் போயிருச்சு. இத எவனும் வாங்க மாட்டான், அதனால இது மட்டும் தங்கிருச்சு' என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அடகுக்கடைக்காரன் தள்ளிய அந்தப் பொருள் எத்தகையது, எங்கிருந்து வந்தது, யார் யார் கையில் என்னென்ன வடிவம் பெற்றது என்று அறிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம் அன்றுதான் பிறந்தது. படித்தும், நேரில் கண்டும், கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

மணி கோத்து அணிதல் மாந்த இனத்தின் மிகப் பழைய கலைகளுள் ஒன்று. துளையிட்ட சங்கு, விதை, எலும்பு, பல் ஆகியவற்றை மக்கள் முதலில் கோத்தனர். பின்னர்க் கல்லைத் துளையிடக் கற்றனர். நம் தமிழகத்தில் கல்மணிக்குப் பேர்பெற்ற ஊர் கொடுமணல் ஆகும். இன்றைய ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றின் கரையில் அவ்வூர் உள்ளது. பதிற்றுப்பத்து என்னும் சங்க நூலில் கொடுமணம் என்று பெயர் பெறும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அங்கே அகழ்ந்தபோது, பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் முதலிய கற்களை உடைத்து, தீட்டி, துளையிட்டு மணியாக்கிய பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. முடிந்த மணியும் உண்டு. பாதியில் நின்ற மணியும் உண்டு. துளையிடும்போது உடைந்துபோன மணியும் உண்டு. ஈமக்குழி ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. கண்ணாடி வில்லையோ மின்பொறியோ இல்லாத அக்காலத்தில், அரிசி பருமனான கல்லில் நேர்த்துளை இடுவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வகுப்பில் பென்சில் சீவுவதற்கே பொறுமை போதவில்லை.

ஆயினும் நாம் பேச வந்தது கண்ணாடி மணியைப் பற்றியே. கல்மணி செல்வர்க்கு, கண்ணாடி மணி எல்லார்க்கும். புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அரிக்கமேடு என்னும் பழந்துறைமுகம் இருந்தது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேய அகழ்வாராய்ச்சியாளர் அங்கே தோண்டியபோது உரோமானிய நாட்டு மட்கலங்கள் கிடைத்தன, உலகம் வியந்தது. அந்த மட்கலங்களோடு கிடைத்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளின் பெருமையை உலகம் சற்றுப் பிந்தியே உணர்ந்தது. மேற்கே செங்கடற்கரையில் எகிப்து நாட்டுப் பெரனிக்கே துறையிலும், தெற்கே ஆப்பிரிக்க மண்ணிலும், கிழக்கே தாய்லாந்து, வியட்நாம், சாவகம், போர்னியோ ஆகிய இடங்களிலும் இதே வகை மணிகள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் தம் வாழ்நாளை இம்மணிகளுக்கே ஒப்படைத்து, இந்தோ பசிபிக் மணிகள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். இந்து மாக்கடலிலிருந்து பசிபிக் மாக்கடல்வரை பரவியமையால் அப்பெயர் ஏற்பட்டது. பெரும்பாலானவை 5 மில்லிமீட்டர் குறுக்களவுக்கும் குறைந்தவை.

இம்மணி செய்யும் முறை நுட்பமானது. ஒவ்வொரு மணியாக உருட்டித் துளையிடுவதாயின் ஏழைக்கு எட்டும் விலையில் விற்க இயலாது. எனவே நம் முன்னோர் வேறொரு வழி கண்டனர். உலையில் இளகிய கண்ணாடிக் கட்டியை உள்துளையுள்ள நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, கூம்புபோல் உருட்டி, அதன் நடுவே துளை உண்டாக்குவர். பின்னர் அந்தக் கூம்பின் முனையைப் பற்றி இழுப்பர். தேன்பாகு நூலாக நீள்வதுபோல் கண்ணாடி நீளும். உள்ளே இருக்கும் துளையும் உடன் நீளும். இதுதான் இக்கலையின் உயிர்நாடி. ஒருமுறை இட்ட துளை, குழல் எவ்வளவு நீண்டாலும் மூடாது. ஆறியபின் அந்த மெல்லிய குழல்களை ஒரே அளவாக வெட்டினால், நூற்றுக்கணக்கான துண்டுகள் துளையோடு கிடைக்கும். வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கும் அல்லவா? அதற்காகத் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கிக் கிளறுவர். சூட்டில் விளிம்பு மழுங்கும். சாம்பல் துளைக்குள் புகுந்து நிற்பதால் துளை அடைபடாது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டவும் மாட்டா. ஆந்திர மாநிலத்தில் திருப்பதிக்கு அருகேயுள்ள பாப்பாநாயுடுப்பேட்டை என்னும் ஊரில் இம்முறை நம் காலம்வரை தொடர்ந்து வந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியுள்ளனர்.

நிறத்திலும் ஓர் அறிவியல் உண்டு. அறிவியல் பாடத்தில் தடுமாறும் பிள்ளைகளும் இதனை எளிதில் மறக்க மாட்டார்கள். கோபால்டு சிறிதளவு கலந்தால் ஆழ்ந்த நீலம். செம்பு கலந்து, உலைக்குள் காற்று நன்றாகப் புகுந்தால் பச்சை அல்லது வெளிர்நீலம். அதே செம்பு கலந்த கண்ணாடியைக் காற்று மிகக் குறைந்த உலையில் காய்ச்சினால் செங்கல் போன்ற காவிச் சிவப்பு. பொருள் ஒன்றே, காற்றின் அளவு மாறினால் நிறம் மாறுகின்றது. வேதியியல் என்னும் சொல்லே வழங்காத காலத்தில், உலைமுன் அமர்ந்திருந்த கைவினைஞன் புகையின் நிறத்தையும் நெருப்பின் ஓசையையும் கொண்டு இதனை அறிந்திருந்தான். அச்சிறுமியின் கையில் இருந்த காவிச் சிவப்பும் இந்நெடிய மரபில் வந்த நிறமே.

இனி, கடல் கடந்து நாம் வாழும் இப்பகுதிக்கு வருவோம். தென் தாய்லாந்தில் கிராபி மாநிலத்தைச் சேர்ந்த குளோங் தோம் என்னும் இடத்தில் ஒரு மேடு உள்ளது. மழை பெய்தால் மண்ணிலிருந்து மணிகள் வெளிப்படும். அதனாலேயே அவ்வூரார் அதற்குக் குவான் லுக்பாட், அதாவது மணிமேடு, என்று பெயரிட்டனர். அங்கே கிடைத்த பொருள்களுள் ஒன்று பொற்கொல்லர் பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறிய உரைகல். அதில் பழந்தமிழ் எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். பெரும்பதன் என்னும் தமிழன் ஒருவன் தன் உரைகல் தொலைந்துபோகாதிருக்க அதில் தன் பெயரை வெட்டி வைத்திருக்கின்றான். நம் மாணவர்கள் அழிப்பான்மீது பெயர் எழுதி வைப்பது போன்ற செயல்தான். பதினாறு நூற்றாண்டு கழித்து அது நமக்குச் சான்றாகின்றது.

நம் மலேசியாவிலேயும் மணி செய்யப்பட்டது. பேராக் மாநிலத்தில் தைப்பிங்கிற்கு மேற்கே, அலையாத்திக் காடுகள் சூழ்ந்த கடற்கரையில் கோலா செலின்சிங் என்னும் இடம் உள்ளது. கோலா சிலாங்கூர்க் கழிமுகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்நிலத்தின் தோற்றத்தை விளக்க வேண்டியதில்லை. அதே சேறு, அதே வேர், அதே நண்டு. ஐவர் எவன்ஸ் என்னும் அறிஞர் 1920-களிலும் 1930-களிலும் அங்கே தோண்டிப் பார்த்து, கண்ணாடி மணிகளையும் மணி செய்த தடயங்களையும் கண்டார். ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பல்லவர் கால எழுத்தில் பொறிக்கப்பட்ட சூதுபவள முத்திரை ஒன்றும் அங்கே கிடைத்தது. கெடாவில் சுங்கை மாஸ் என்னுமிடத்திலும் மணி செய்தமைக்குத் தடயங்கள் உண்டு. நமக்கு இன்னும் அண்மையில், சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லையாக ஓடும் பெர்னம் ஆற்று வட்டாரத்தில், கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பழங்கல்லறைகளுள் கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. எனவே, மணி நாகப்பட்டினத்திலிருந்து பாட்டியார் கையில் வந்து இறங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு வந்துவிட்ட பொருள். மலாய் மொழியில் மணிக்கு மானிக் என்று பெயர். சரவாக்கில் இபான் மக்கள் மாரிக் என்பர். பொருள் வந்தபோது சொல்லும் உடன் வந்தது போலும்!

மணியைக் கடல்வழி கொண்டுவந்தவர் பலர். ஆனால் அதனை வைத்துக் கோலம் கண்டவர்கள் அந்தந்த நாட்டு மக்களே. நாம் மிகவும் வியந்து போற்றுவது இந்தப் பகுதியைத்தான்.

சரவாக்கின் உள்நாட்டு மக்களான காயான், கென்யா, கெலாபிட் முதலியோர் மணியைச் செல்வமாகவே கருதினர். லுக்குட் என்று காயான் மக்கள் அழைக்கும் பழைய மணிகளுள் உயர்ந்த ஒன்றுக்கு ஓர் அடிமை ஈடாக மதிக்கப்பட்டதாக அக்காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்துள்ளனர். கெலாபிட் மூதாட்டியர் மணியாலேயே ஆன தொப்பியை அணிவர். அது தாயிடமிருந்து மகளுக்கு வரும். குழந்தையை முதுகில் சுமக்கும் கூடைக்கு மணிகளால் பின்னிய முகப்பு ஒன்றைத் தைப்பார்கள். மஞ்சள், கறுப்பு, வெள்ளை மணிகளில் வளைந்து வளைந்து செல்லும் அந்தக் கோலத்தை உற்று நோக்கினால், நாயும் நாகமும் கலந்த ஒரு விலங்கு தெரியும்; இருவாய்ச்சிப் பறவை தெரியும்; மனித முகம் தெரியும். மனித உருவை முழுமையாக அமைக்கும் உரிமை தலைவர் குடிக்கு மட்டுமே இருந்தது. ஆகவே முகப்பைப் பார்த்தவுடன் உள்ளே உறங்கும் குழந்தை எவ்வீட்டுப் பிள்ளை என்று ஊரார் அறிவர். இபான் பெண்களோ விழா நாட்களில் தோளைச் சுற்றி வட்டமாகப் படரும் மணிக் கழுத்தணியை அணிகின்றனர். தேசிய நாள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் காணும் பிள்ளைகள் அதனைப் பார்த்திருப்பர்.

அம்மக்கள் அம்மரபைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. லாவாஸ் வட்டாரத்தில் லோங் தூமா என்னும் சிற்றூரில் லுன் பாவாங் மக்கள், பழைய மணிகளின் சாயலில், களிமண்ணைக் கையால் உருட்டி, சுட்டு, வண்ணந்தீட்டிப் புதிய மணிகள் செய்கின்றனர். பழைய கோலங்களைச் சுருக்கி, கழுத்துப் பட்டையாகவும், கைப்பை முகப்பாகவும், பள்ளி விழாச் சட்டையின் ஓரமாகவும் ஆக்கியிருக்கின்றனர். 2010-ஆம் ஆண்டு மீரி நகரில் பன்னாட்டு மணி மாநாடு ஒன்றே கூடியது. மணிக்காக ஒரு மாநாடா என்று நம்மவர் சிரிக்கலாம். பாசி விற்கும் குறவர்களைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளும் நமக்கு அது விந்தையாகத்தான் தோன்றும்.

மலாக்காவிலும் பினாங்கிலும் வாழும் பாபா நோன்யா மக்களின் கதை வேறு. சீன மரபில் வந்து, மலாய் மொழி பேசி, இந்நாட்டு உடையை ஏற்றுக்கொண்ட அவர்கள், மணி பதித்த செருப்பால் பெயர் பெற்றனர். காசுட் மானிக் என்று அதற்குப் பெயர். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் எடுத்துத் தைப்பார்கள். அம்மணிகள் நம் கடற்கரையிலிருந்து வந்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் ஐரோப்பாவிலிருந்து, சிறப்பாகப் போகீமியா என்னும் இன்றைய செக் நாட்டுப் பகுதியிலிருந்து, கப்பலில் வந்தவை. பட்டை தீட்டிய மணிகளை வெட்டுமணி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லால் வழங்கினர். விளக்கொளியில் அவை மின்னும். மணமாக வேண்டிய பெண் மணிவேலை அறிந்திருக்க வேண்டும். தன் கையால் தைத்த செருப்பை மணமகனுக்கும் மாமன் மாமிக்கும் கொடுப்பாள். செருப்பின் நேர்த்தியைக் கொண்டு மருமகளின் பொறுமையை மாமியார் அளந்துவிடுவாராம்!

அவர்களுடைய கோலங்களைக் கவனியுங்கள். முதலில் சீன மரபுப் பூக்கள், வண்ணத்துப்பூச்சி, தீக்குருவி. பிறகு ஐரோப்பாவிலிருந்து கம்பளி நூல் தையலுக்கென அச்சிட்ட கட்டத்தாள்கள் வந்தன. அவற்றில் ரோசா மலரும் அணிலும் நாயும் இருந்தன. நோன்யா பெண்கள் அவற்றையும் செருப்பில் ஏற்றிவிட்டனர். சீனப் பூவும் ஐரோப்பிய ரோசாவும் மலாய்ச் செருப்பில் கூடின. இரவல் வாங்கியது என்று யாரும் அதனைப் பழிக்கவில்லை; நோன்யா வேலை என்றே உலகம் புகழ்கின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இக்கலை தேய்ந்தது. வறுமையில் செருப்புகள் விற்கப்பட்டன. கற்றறிந்த பாட்டிமார் மறைந்தனர். பின்னர்ச் சிலர் முயன்று மீட்டனர். இன்று மலாக்கா ஜோங்கர் தெருவில் ஒரு சோடிக்குச் சில நூறு வெள்ளி முதல் ஆயிரத்துக்கும் மேல் விலை சொல்கின்றனர். பழைய ரோசாவுக்குப் பக்கத்தில் கோடும் கட்டமுமாகப் புதுப்பாணிக் கோலங்களும் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன.

வேறு நாடுகளையும் ஓரளவு தொட்டுச் செல்வோம். குசராத்தில் சௌராட்டிரப் பகுதிப் பெண்கள் வெண்மணித் தளத்தில் யானையும் மயிலும் தைத்து வாசல் நிலையில் தொங்கவிட்டனர்; அதற்கான மணிகளை அந்நாட்டு வணிகர்கள் ஆப்பிரிக்காவோடு செய்த வாணிகத்தின் வழியே வெனிசு நகரத்திலிருந்து பெற்றனர். தென்னாப்பிரிக்காவின் சூலு பெண்கள் மணியின் நிறங்களைக் கொண்டே மனத்திலுள்ளதைத் தெரிவித்தனர்; எழுத்தில்லாத கடிதம் எனலாம். வட அமெரிக்கப் பழங்குடியினர் முள்ளம்பன்றியின் முள்ளைச் சாயமிட்டுத் தோலில் தைத்துவந்தனர். கண்ணாடி மணி கைக்கு வந்ததும் அதே கோலங்களை மணியால் நிரப்பினர். எங்கும் நடந்தது ஒன்றே. மணி வெளியிலிருந்து வந்தது. கோலம் வீட்டிலிருந்து எழுந்தது.

அப்படியானால் நம் வீட்டுக் கோலம் எங்கே என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். முன்வாசல் நிலைக்கு மேலே பாசியால் பின்னிய தோரணம். கண்ணாடிப் பெட்டிக்குள் பாசிக் கிளி சோடி. தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்கையில் அத்தைமார் கையில் தொங்கும் பாசிப் பை. பால்வெட்டு முடிந்து, மதியம் வீடு திரும்பி, சமையலும் முடித்தபின் கிடைத்த ஒரு மணிநேரத்தில் அவற்றைப் பின்னினர். மின்சாரம் இல்லாத நாட்களில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி நால்வர் அமர்ந்து பின்னியதும் உண்டு. தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது இவை பெரும்பாலும் குப்பைக்குப் போயின. பழைய தகர டப்பாவும் பாசித் தோரணமும் ஒரே மூட்டையில் கிடந்ததை நாமே பார்த்தோம். அன்று எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அந்தப் பாசிக் கிளி பின்னும் முறையைச் சற்று விளக்குவோம். அதில் கணிதமும் இருக்கின்றது. மீன்பிடிக்கும் நைலான் நரம்பில் ஒரு முழம் வெட்டுங்கள். நடுவில் 4 மணி கோத்து, நரம்பின் இரு முனைகளையும் நான்காவது மணியின் துளை வழியாக எதிரெதிராகச் செலுத்தி இழுத்தால், நான்கும் கூடி ஒரு சதுரமாகும். அடுத்த சதுரத்துக்கு முந்தியதன் ஒரு மணி பொதுவாகிவிடுவதால், புதிதாக 3 மணி மட்டும் போதும். இவ்வாறு 10 சதுரம் வரிசையாகப் பின்ன எத்தனை மணி வேண்டும்? நாற்பது என்று உடனே விடை சொல்லும் மாணவன் ஒருமுறை கோத்துப் பார்க்கட்டும். முதலில் 4, பின்னர் ஒன்பது முறை 3, ஆக 31. நம் தோட்டத்துத் தாய்மார் இக்கணக்கைத் தாளில் எழுதியவர்கள் அல்லர். ஆனால் கடையில் பாசி வாங்கும்போது ஒரு பொட்டலம் கூடவோ குறையவோ வாங்கியதில்லை.

துணியில் தைக்கும் வேலைக்கு வேறு கணக்கு. கட்டத்தாளில் ஒரு கட்டம் ஒரு மணி. 20 கட்ட அகலம், 30 கட்ட உயரம் உள்ள கோலத்துக்கு 600 மணி. பூவுக்கு எத்தனை, இலைக்கு எத்தனை, தளத்துக்கு எத்தனை என்று எண்ணிக் கூட்டினால் 600 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. காட்சிக் கலைக் கல்வியில் மரபுக் கைவினை ஒரு பகுதியாக இருப்பதால், இவ்வேலையை வகுப்பிலேயே செய்ய இடமுண்டு. ஊசி வேண்டாத சிறிய பிள்ளைகள் தாளில் வண்ணமிட்டால் போதும். அதுவும் மணிக் கோலமே.

கோலத்துக்கு எதை எடுப்பது? இதில் நம் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். பிற மக்களின் கோலத்தைப் பார்த்துக் கற்பது நன்று. பெயரை மறைத்து எடுப்பது நன்றன்று. சரவாக் மக்களின் மனித உருவக் கோலத்துக்கு உரிமையும் ஒழுங்கும் உண்டு என்று மேலே கண்டோம். அதனை அப்படியே நகலெடுத்துச் சாவிக் கொத்தில் தொங்கவிடுவதைவிட, அவர்கள் வளைகோட்டை எவ்வாறு கட்டங்களுக்குள் அடக்கினர் என்பதைக் கற்று, அந்த நுட்பத்தால் நம் மார்கழிப் புள்ளிக் கோலத்தை அமைக்கலாம். புள்ளிக் கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு செல்கின்றது. மணிவேலையில் புள்ளியே மணியாகின்றது. நம் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பாட்டி போடும் ஐந்து புள்ளிக் கோலத்தைக் கட்டத்தாளில் ஏற்றி, நடுவில் இவ்வட்டாரத்து நெற்கதிரை வைத்தாள். ஓரத்துக்கு நோன்யா செருப்பில் கண்ட இளஞ்சிவப்பைச் சேர்த்தாள். 'இந்த நிறம் மலாக்காவுலேர்ந்து எடுத்தது' என்று தாளின் அடியில் எழுதியும் வைத்தாள். நாம் சொல்லிக்கொடுத்து எழுதியது அன்று.

பெற்றோர்க்கு ஒரு செய்தி. மணிவேலை பொழுதுபோக்கு மட்டும் அன்று. நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கம்பத்து மலாய்ப் பெண்கள் தம் பாஜு கூரோங்கின் கழுத்திலும் கையோரத்திலும் மணி தைக்கக் கொடுக்கின்றனர். நம் பெண்கள் சிலர் அவ்வேலையை வாங்கி வீட்டிலிருந்தே செய்கின்றனர். நம்மவர் திருமணங்களிலோ ஆரி ஊசியால் மணியும் சரிகையும் வைத்துத் தைத்த இரவிக்கை இன்றியமையாதது ஆகிவிட்டது. அதற்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுக்கின்றோம். அந்த இரவிக்கையின் மணியை மெச்சுபவர்கள், பிள்ளையின் கையில் உள்ள பாசியை மட்டும் பட்டிக்காட்டுத்தனம் என்கின்றனர். இதில் என்ன நியாயம் இருக்கின்றது என்று நமக்கு விளங்கவில்லை.

வீட்டில் பழைய பாசிச் சரமோ, தோரணமோ, கிளியோ இருந்தால் அதனைப் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டா. ஒருநாள் கொண்டுவந்து காட்டினால் போதும். மாணவர்கள் அதன் கோலத்தைக் கட்டத்தாளில் எழுதிக்கொண்டு, நிறங்களையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, அன்றே திருப்பிக் கொடுப்பர். யார் பின்னியது, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டளவில் என்பனவற்றையும் சொல்லுங்கள். தாளின் பின்புறத்தில் எழுதி வைப்போம். இதுவரை பதினொரு தாள்கள் சேர்ந்திருக்கின்றன. நூலக அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன. பழைய நூலில் கோத்த சரமாயின் வருவதற்கு முன்பே புதிய நூலில் மாற்றிக் கோத்துவிடுவது நல்லது. அதன் காரணத்தை மேலே சொல்லியிருக்கின்றோம்.

அந்தச் சரம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பாட்டியார் அதனை அன்றே நம் மேசையிலேயே கோத்தார். மூன்று மணி குறைந்தது. மருந்துக்கடைப் பொட்டலம் ஒன்றிலிருந்து தம் பழைய பாசிப் பையின் உதிரிகளைக் கொட்டி, பச்சை நெகிழி மணி மூன்றை எடுத்துச் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே சேர்த்தார். நிறம் பொருந்தவில்லையே என்று நாம் வருந்தினோம். 'ஆத்தா கோத்தப்பவும் இப்படித்தான், கெடைச்சத வச்சுக் கோத்தா. இந்த ரெண்டு வெள்ளைய நான் சேத்தது' என்று சரத்தின் முடிச்சருகே இருந்த இரு மணிகளைக் காட்டினார். அதுவரை அவை நம் கண்ணில் படவே இல்லை. சரம் அன்றிலிருந்து வீட்டில் இருக்கின்றது. பள்ளி விடுமுறையில் மட்டும் கைக்கு வருகின்றது. கடந்த தீபாவளிக்கு மறுநாள் அச்சிறுமியைக் கடைத்தெருவில் கண்டோம். வளர்ந்துவிட்டமையால் சரம் கையில் சற்று இறுக்கமாக இருந்தது. 'பாட்டி இன்னும் நாலு மணி சேக்கணும்னு சொல்றாங்க சார், என்ன நிறம் வாங்கலாம்?' என்று கேட்டாள்.